நள்ளிரவுப் பேய் நம்மூர்க்காரர்: அமெரிக்க உள்ளூர் டிவியின் திகில் படத் தொகுப்பாளர்கள்

அமெரிக்காவில் எழுபது வயதைத் தொட்ட ஒருவரிடம், “சின்ன வயதில் உங்கள் ஊர் டிவியில் ராத்திரி பேய்ப்படம் போட்டது யார்?” என்று கேட்டால், படத்தின் பெயர் வராது. ஓர் ஆளின் பெயர் வரும். கிளீவ்லாந்துக்காரர் கூலார்டி என்பார். பிட்ஸ்பர்க்கில் வளர்ந்தவர் சில்லி பில்லி என்பார். சிகாகோ என்றால் ஸ்வென்கூலி, நியூ ஆர்லியன்ஸ் என்றால் மார்கஸ், இண்டியானாபொலிஸ் என்றால் சாமி டெர்ரி. கிளீவ்லாந்தைப் பித்துப்பிடிக்க வைத்த பெயர் நியூ ஆர்லியன்ஸில் எவருக்கும் தெரியாது. இத்தனைக்கும் இரண்டு ஊர்களிலும் ஓடியவை கிட்டத்தட்ட அதே படங்கள்.

படங்களுக்கு நடுவே வேடம் கட்டிப் பேசிய அந்த ஆட்கள் மேல் அவர்களுக்கு இன்றும் ஓர் ஏக்கம். அந்த ஏக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பழைய திகில் படங்கள் மீதான பிரியம் என்று சுருக்கிவிடுகிறார்கள். எல்வைரா என்ற ஒரே ஒரு தொகுப்பாளரை மனதில் வைத்துக்கொண்டு, இவர்கள் எல்லாரும் நாடறிந்த நட்சத்திரங்கள் என்று நினைக்கிறவர்களும் உண்டு. பார்ப்பவர்களைப் பயமுறுத்துவதுதான் இவர்களின் வேலை என்பதும் பரவலான எண்ணம். மூன்றுமே சரியில்லை. உண்மையில் நடந்தது என்ன என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

## கட்டியங்காரனை நினைத்துக்கொள்ளுங்கள்

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். கதை பாரதக்கதை. எந்த ஊரில் ஆடினாலும் துகிலுரிவது துச்சாதனன்தான், சபதம் போடுவது பாஞ்சாலிதான். ஆனால் வேடங்களுக்கு நடுவே கட்டியங்காரன் வருகிறான். ராஜாவையே கேலி செய்கிறான். முன்வரிசையில் தூங்கிப்போனவரைத் தட்டி எழுப்புகிறான். அந்த ஊர் ஏரியை, அந்த ஊர்ப் பெரிய மனிதரை, போன மாதம் நடந்த தகராறைப் பேச்சில் இழுக்கிறான். கதை எல்லா ஊருக்கும் பொது. கட்டியங்காரன் பேசியது அன்று இரவு அந்த ஊருக்கு மட்டும்.

அமெரிக்க ஹாரர் ஹோஸ்ட் செய்தது ஏறக்குறைய இதே வேலைதான். ஹாரர் ஹோஸ்ட் என்றால், டிவியில் திகில் படம் ஓடும்போது தொடக்கத்திலும் விளம்பர இடைவெளிகளிலும் முடிவிலும் ஒரு வேடத்தில் தோன்றிப் பேசுகிற தொகுப்பாளர். பிணம், காட்டேரி, சவ அடக்கக்காரர், பைத்தியக்கார விஞ்ஞானி என்று வேடம் எதுவாகவும் இருக்கலாம். இனி தொகுப்பாளர் என்றே சொல்வோம்.

இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் கே.எஸ். ராஜாவையும் பி.எச். அப்துல் ஹமீதையும் நினைத்துக்கொள்ளலாம். அவர்கள் போட்ட பாட்டுகள் வேறு வானொலிகளிலும் வந்தவைதான். ஆனாலும் மனதில் தங்கியிருப்பது இரண்டு பாட்டுக்கு நடுவே வந்த குரல். ஒரு வித்தியாசத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இலங்கை வானொலி கடல் தாண்டியும் கேட்டது. இந்தத் தொகுப்பாளர்களின் ராஜ்யம் ஊர் எல்லையோடு முடிந்துவிட்டது. ஏக்கம் இவ்வளவு ஆழமானதற்கு அந்த எல்லையும் ஒரு முக்கியக் காரணம்.

## உள்ளூர் நிலையம் எப்படி வேலை செய்தது

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அதற்குப் பிறகு நெடுங்காலம் ஞாயிறு மாலைப் படம் என்றால் சிக்னல் எட்டிய எல்லா வீட்டுக்கும் ஒரே படம். அமெரிக்கா அப்படித் தொடங்கவில்லை. ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி. என்ற பெரிய வலைப்பின்னல்கள் நிகழ்ச்சிகளைத் தயாரித்தன. அவற்றை வீடுகளுக்குக் கொண்டுபோனவை ஊருக்கு ஊர் இருந்த தனித்தனி நிலையங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் சொந்தக் கோபுரம், சொந்த ஸ்டுடியோ, சொந்த விளம்பரதாரர்கள். கோபுரத்திலிருந்து சில பத்து மைல்கள், நல்ல ஆன்டெனா இருந்தால் இன்னும் கொஞ்சம் தூரம், அவ்வளவுதான் அதன் எல்லை.

வலைப்பின்னலோடு ஒப்பந்தம் போட்ட நிலையம் மாலையில் அதன் நிகழ்ச்சிகளைக் காட்டும். வாரக்கடைசியில் 11 மணி உள்ளூர்ச் செய்தி முடிந்ததும் நேரம் நிலையத்தின் கையில். எந்த வலைப்பின்னலிலும் சேராத சுயேச்சை நிலையங்களுக்கோ நாள் முழுக்க அந்தக் கவலைதான்: எதைப் போட்டு நேரத்தை நிரப்புவது?

1990களில் நம் சின்ன ஊர்களில் கேபிள்காரர் தன் அறையில் ஒரு வி.சி.ஆரை வைத்துக்கொண்டு ராத்திரி படம் போட்டதும், நடுவில் உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரம் வந்ததும் சிலருக்கு நினைவிருக்கும். அதைச் சட்டப்படி உரிமம் வாங்கி, கோபுரம் நட்டு, பெரிய அளவில் செய்தால் எப்படி இருக்குமோ அப்படி.

இதுவரை பார்த்ததன் சாரம்: படம் வெளியிலிருந்து வந்தது, நேரம் உள்ளூர் நிலையத்துடையது, அந்த நேரத்தில் படத்துக்கும் ஊருக்கும் நடுவே நின்றவர் தொகுப்பாளர்.

## வாம்பீராவும் 52 படங்களும்

முதல் ஹாரர் ஹோஸ்ட் என்று பரவலாகக் கருதப்படுபவர் வாம்பீரா. மைலா நூர்மி என்ற நடிகை, லாஸ் ஏஞ்சல்ஸின் கே.ஏ.பி.சி. நிலையத்தில் 1954-இல் தோன்றினார். இறுகப் பிடித்த கறுப்பு உடை, நீண்ட நகங்கள், வில்லாக வளைந்த புருவம். புகை சூழ்ந்த நடைபாதையில் மெல்ல நடந்து வந்து, கேமரா முன் நின்று வீலென்று கத்துவார். பிறகு நிம்மதியாகப் புன்னகைப்பார். நிகழ்ச்சி 1955-இல் நின்றுபோனது. அவர் பெயர் பத்திரிகைகள் வழியாக நாடு முழுக்கப் பரவினாலும், நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள் மட்டுமே.

ஊருக்கொரு தொகுப்பாளர் முளைத்தது 1957-க்குப் பிறகு. அதற்குப் பின்னால் ஒரு வியாபாரம் இருக்கிறது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பழைய படங்களை டிவிக்குக் கட்டுக்கட்டாக விற்கத் தொடங்கியிருந்தன. 1948-க்குப் பின் எடுத்த படங்களைக் கொடுத்தால் நடிகர் சங்கத்தோடு தனியாகப் பணம் பேச வேண்டியிருந்தது. அதனால் கட்டுகளில் இருந்தவை பெரும்பாலும் அதற்கு முந்தைய படங்கள். யுனிவர்சல் ஸ்டுடியோவின் பழைய படங்களை டிவிக்கு விநியோகிக்கும் உரிமையை, கொலம்பியா ஸ்டுடியோவின் டிவி நிறுவனமான ஸ்கிரீன் ஜெம்ஸ் வாங்கியது. அவற்றில் திகில், மர்மப் படங்களாக 52-ஐப் பொறுக்கி, ‘ஷாக்’ என்ற பெயரில் 1957 இலையுதிர்காலத்தில் நிலையங்களுக்குக் கொடுத்தது. டிராகுலா, பிராங்கன்ஸ்டைன், மம்மி, ஓநாய் மனிதன் எல்லாம் அந்தக் கட்டில் இருந்தன. 52 என்பது வாரம் ஒன்றாக ஓர் ஆண்டுக்குச் சரியாக வரும் எண். அடுத்த ஆண்டே ‘ஷாக்கின் மகன்’ என்று இரண்டாம் கட்டு வந்தது.

ஒரே நிகழ்ச்சியையோ படக்கட்டையோ பல ஊர் நிலையங்களுக்குத் தனித்தனியாக விற்பதற்கு சிண்டிகேஷன் என்று பெயர். இந்த முறையில் ஒரு சிக்கல் உண்டு. பிலடெல்பியாவிலும் அதே டிராகுலா, சிகாகோவிலும் அதே டிராகுலா. படம் ஏற்கெனவே இருபத்தைந்து வருடம் பழசு. நிலையம் தன் பார்வையாளரைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால், தன்னிடம் மட்டுமே இருக்கிற ஏதோ ஒன்று வேண்டும். வேடம் கட்டிய ஓர் ஆளை நடுவில் நிறுத்துங்கள் என்று ஸ்கிரீன் ஜெம்ஸே நிலையங்களை ஊக்குவித்தது.

பிலடெல்பியாவின் டபிள்யூ.சி.ஏ.யு. நிலையத்தில் ஜான் ஸாக்கர்லி ‘ரோலண்ட்’ ஆனது அப்படித்தான். அதே நிலையத்தின் பழைய கௌபாய்த் தொடரில் அவர் சவ அடக்கக்காரராக நடித்தவர். அந்த நீண்ட கறுப்புக் கோட்டே இங்கும் கைகொடுத்தது. சவப்பெட்டிக்குள் கிடக்கும், நம் கண்ணுக்குத் தெரியாத மனைவியோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். 1958-இல் நியூயார்க்குக்குப் போய், தன் சொந்தப் பெயரிலேயே பேயாகத் தொடர்ந்தார். அதே ஆண்டு அவர் பாடிய ‘டின்னர் வித் டிராக்’ இசைத்தட்டு அமெரிக்காவின் முதல் பத்துப் பாட்டுகளில் ஒன்றானது.

## நேரக் கணக்குதான் எல்லாவற்றுக்கும் காரணம்

தொகுப்பாளர் ஏன் தேவைப்பட்டார் என்பதற்கு ஒரு சிறு கூட்டல் கழித்தல் போதும். பிராங்கன்ஸ்டைன் 70 நிமிடம். டிராகுலா 75. அந்தக் காலத்துத் திகில் படங்கள் பல ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டுபவை. இரவு 11.30 முதல் 1.30 வரை 120 நிமிடம் நிரப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். படம் 70, விளம்பரம் 25. மிச்சம் 25 நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடம்தான் தொகுப்பாளரின் முழு வாழ்க்கை.

அதை மொத்தமாகப் பேசித் தீர்க்க முடியாது, துண்டு போட வேண்டும். தொடக்கத்தில் நான்கைந்து நிமிடம், நடுவில் ஆறேழு இடைவெளிகளில் இரண்டு மூன்று நிமிடம் வீதம், கடைசியில் விடைபெற ஒரு நிமிடம். இடைவெளியின் உள் அமைப்பும் முக்கியம். படம் நின்றதும் தொகுப்பாளர் வருவார், பிறகு விளம்பரம், மறுபடி தொகுப்பாளர் சில நொடிகள், பிறகு படம். விளம்பரத்துக்கு இரண்டு பக்கமும் அவர் நிற்பதால் டிவியை விட்டு எழுந்து போக மனம் வராது. வீட்டு உபயோகக் கடைக்காரரும் பழைய கார் வியாபாரியும் அந்த அர்த்தராத்திரி நேரத்துக்குப் பணம் கொடுத்தது இதற்காகத்தான்.

செலவோ மிகக் குறைவு. தொகுப்பாளர் பெரும்பாலும் ஏற்கெனவே நிலையத்தில் சம்பளம் வாங்குகிறவர்: அறிவிப்பாளர், வானிலை சொல்கிறவர், குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துகிறவர். பிட்ஸ்பர்க்கின் பில் கார்டில் அறிவிப்பாளர். கூலார்டியாக மாறிய எர்னி ஆண்டர்சனும் அறிவிப்பாளர். செட் என்பது அட்டையில் வரைந்த கல்சுவர், ஒரு சவப்பெட்டி, இரண்டு மெழுகுவர்த்தி. கேமராக்காரரும் லைட் போடுகிறவருமே துணை நடிகர்கள்.

மேலே போவதற்கு முன் ஒரு விஷயம் தெளிவாகட்டும். தொகுப்பாளர் பிறந்தது நிரப்ப வேண்டிய நேரத்திலிருந்தும் சிக்கனத்திலிருந்தும். கலைத்திட்டம் போட்டுப் பிறந்தவர் இல்லை. ஆனால் அந்தச் சிக்கனமே அவருக்குச் சுதந்திரத்தையும் கொடுத்தது. நள்ளிரவில் வரும் ஒரு சின்ன நிகழ்ச்சியில் நிலைய மேலாளர்கள் பெரிதாகத் தலையிடவில்லை.

## ஸ்டுடியோவுக்குள்: எது எப்படிக் கெட்டுப்போகும்

படம் நிலையத்துக்கு 16 மி.மீ. பிலிம் பிரதியாக வரும். அதை ஒளிபரப்பும் கருவித் தொகுதிக்கு பிலிம் செயின் என்று பெயர்: ஒரு புரொஜெக்டர், விளம்பர அட்டைகளுக்கு ஒரு ஸ்லைடு புரொஜெக்டர், எந்தப் படத்தை எடுப்பது என்று திருப்பிவிடும் கண்ணாடி, எதிரே ஒரு டிவி கேமரா. 16 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 2000 அடி ரீல் ஏறக்குறைய 55 நிமிடம். ஆக 70 நிமிடப் படத்துக்கே இரண்டு ரீல் வேண்டும். வரிசை மாறினால் செத்தவன் அடுத்த பாதியில் எழுந்து நடப்பான்.

இடைவெளி வரும் இடங்களில் பிலிமை வெட்டி, கறுப்புத் துண்டு ஒட்டி வைப்பார்கள். 16 மி.மீ. பிலிமில் ஒலித்தடம் அதற்குரிய படத்திலிருந்து 26 பிரேம் முன்னே தள்ளிப் பதிவாகியிருக்கும், அதாவது ஒரு நொடிக்குச் சற்று அதிகம். அதனால் யோசிக்காமல் வெட்டினால், படம் கறுப்பான பிறகும், அடுத்து வரவேண்டிய காட்சியின் குரல் ஒரு நொடி ஒலிக்கும். திரும்பப் படம் தொடங்கும்போது முதல் வார்த்தை ஊமையாகிவிடும். கவனமுள்ள எடிட்டர் யாரும் பேசாத இடமாகத் தேடி வெட்டுவார். 100 நிமிடப் படத்தை 90 நிமிட நேரத்துக்குள் அடைக்க வேண்டி வந்தால் காட்சிகளே போய்விடும். கதை புரியாமல் போவதற்குப் பல சமயம் இயக்குநர் காரணமில்லை, நிலையத்தின் கத்தரி காரணம்.

செட்டில் வரும் மூடுபனிக்கு டிரை ஐஸைச் சுடுநீரில் போடுவார்கள். அந்தப் புகை குளிர்ந்தது, கனமானது. அதனால் மேலே எழாமல் தரையோடு தவழும். சவப்பெட்டி அடியில் அது அழகாக இருப்பது இதனால்தான். ஆனால் தண்ணீர் ஆறியதும் சில நிமிடங்களில் புகை அடங்கிவிடும். ஒவ்வொரு இடைவெளிக்கும் புதுச் சுடுநீர் வேண்டும். காற்றோட்டமில்லாத சின்ன ஸ்டுடியோவில் அளவு மீறினால், கீழே படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டும். வெளிச்சம் எளிது: ஒரே விளக்கு, முகத்துக்குக் கீழிருந்து. நாம் வெளிச்சம் மேலிருந்து விழும் முகங்களையே பார்த்துப் பழகியவர்கள். நிழல் தலைகீழாக விழுந்தால் தெரிந்த முகமும் அந்நியமாகிவிடும்.

தொகுப்பாளர் பேச்சின் பெரும்பகுதி நேரலை, அல்லது நேரலை போலவே ஒரே மூச்சில் பதிவானது. கதவு திறக்காது, மீசை கழன்று விழும். ரீடேக் கிடையாது. விழுந்த மீசையோடு பேசி முடிப்பதுதான் நிகழ்ச்சி.

## பயமுறுத்தவா, கேலி செய்யவா?

இங்கேதான் அதிகக் குழப்பம். 1931-இல் தியேட்டரில் நடுங்க வைத்த படம் 1960-களின் பையன்களை நடுங்க வைக்கவில்லை. தொகுப்பாளரின் நிஜ வேலை, ரசிகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே படம் பார்ப்பது. அதை ஒவ்வொருவரும் தம் வழியில் செய்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் மார்கஸ் ஒவ்வொரு வாரமும் உலகையே மாற்றப்போகும் ஒரு பரிசோதனையைத் தொடங்குவார், படம் முடிவதற்குள் அது பாழாகும். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1971 முதல் ‘கிரீச்சர் ஃபீச்சர்ஸ்’ நடத்திய பாப் வில்கின்ஸ் வேடமே போடவில்லை. ஆடும் நாற்காலி, கையில் சுருட்டு, சாந்தமான குரல். இந்தப் படம் சுமார்தான், வேறு சேனலில் என்ன ஓடுகிறது என்று பாருங்கள் என்று நிகழ்ச்சிப் பட்டியலை எடுத்துப் படித்தே காட்டுவார். அந்த நேர்மைக்காகவே யாரும் சேனலை மாற்றவில்லை.

இந்த வகையின் உச்சம் என்று என்னைக் கேட்டால் கூலார்டியைத்தான் சொல்வேன். 1963 ஜனவரி முதல் 1966 இறுதி வரை, கிளீவ்லாந்தின் டபிள்யூ.ஜே.டபிள்யூ. சேனல் 8-இல், வெள்ளிக்கிழமை பின்னிரவுகளில். ஒட்டுத்தாடி, கலைந்த விக், ஒரு கண்ணாடி கழன்ற கறுப்புக் கண்ணாடி, பேட்ஜ்கள் குத்திய நீண்ட ஆய்வகக் கோட்டு. படம் மோசமென்றால் மோசமென்று முகத்துக்கு நேரே சொல்வார். ரசிகர்கள் அனுப்பிய பொம்மைக் கார்களையும் பிளாஸ்டிக் மாடல்களையும் ஸ்டுடியோவிலேயே வெடிவைத்துத் தகர்ப்பார். ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குள்ளேயே தன் உருவத்தை நுழைத்து, அரக்கனிடமிருந்து ஓடுவது போலக் காட்டுவார்.

அவருடைய நிரந்தர இலக்கு பார்மா. கிளீவ்லாந்தை ஒட்டிய புறநகர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்தது. அங்கே எல்லாரும் வெள்ளை சாக்ஸ் போடுவார்கள், வீட்டு முன் பிளாஸ்டிக் பூநாரை நட்டு வைப்பார்கள், போல்கா என்ற நடன இசையைக் கேட்பார்கள் என்று வாரா வாரம் வம்புக்கு இழுப்பார். ‘பார்மா’ என்ற சொல் வந்தாலே போல்கா இசை ஒலிக்கும். இந்த நகைச்சுவை சிகாகோக்காரருக்குப் புரியாது. கிளீவ்லாந்தோ விழுந்து விழுந்து சிரித்தது. சிகாகோவின் ஸ்வென்கூலி இதே வேலையைப் பெர்வின் என்ற புறநகரை வைத்துச் செய்தார். அவர் மோசமான ஜோக் சொன்னால் அவர் மேல் ரப்பர் கோழிகள் பறந்து வரும். தன் ஊர்ப்பெயர் டிவியில் வருவது அப்போது எவ்வளவு அபூர்வம் என்பதை மறக்காமல் இதைப் பார்க்க வேண்டும். தேசிய நிகழ்ச்சிகளில் நியூயார்க்கும் ஹாலிவுட்டும்தான் இருந்தன. பார்மா கூலார்டியிடம் மட்டுமே இருந்தது.

எர்னி ஆண்டர்சன் பிறகு லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஏ.பி.சி. வலைப்பின்னலின் அறிவிப்புக் குரலானார். அவர் மகன் இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன். தன் தயாரிப்பு நிறுவனத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் கூலார்டி ஃபிலிம் கம்பெனி.

## ஏக்கம் எதன் மேல்?

நாஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688-இல் உருவாக்கியவர் யோஹானஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர். ஊர் திரும்புதல், வலி என்ற பொருளுள்ள இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்தார். அவர் அதை வெளியூர் போனவர்களைத் தாக்கும் நோயாகவே எழுதினார். சொல்லின் வேரில் இருப்பது காலமில்லை, ஊர். இந்தத் தொகுப்பாளர்களின் விஷயத்தில் அந்தப் பழைய பொருள் அப்படியே பொருந்துகிறது.

உளவியலில் நினைவுமேடு என்று ஒன்றைச் சொல்வார்கள்: வயதானவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைக் கேட்டால், சுமார் பத்து வயது முதல் முப்பது வயதுக்குள் நடந்தவை மற்றக் காலத்தைவிட அதிகமாக வரும். ராத்திரிப் பேய்ப்படம் அந்த மேட்டின் தொடக்கத்தில் சரியாக விழுகிறது. பெற்றவர்கள் தூங்கியபின் விழித்திருக்க முதன்முதலில் கிடைத்த அனுமதி, அல்லது அனுமதியில்லாமல் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தது. அந்த வயதுப் பிள்ளைக்குத் திரையில் இருந்த அந்த ஆள், ‘நீ முழித்திருப்பது எனக்குத் தெரியும்’ என்று நேராகப் பேசினார். திங்கட்கிழமை பள்ளியில் எல்லார் வாயிலும் அதே வசனம்.

இதோடு இன்னொன்று சேர்கிறது, பெரும்பாலோர் கவனிக்காதது. டிராகுலா படம் இன்றும் அப்படியே இருக்கிறது, நினைத்த நேரத்தில் பார்க்கலாம். நடுவில் பேசிய இருபத்தைந்து நிமிடங்கள்தான் இல்லை. அன்றைய ஒளிநாடா இரண்டு அங்குல அகலம், விலையோ மிக அதிகம். நிலையங்கள் அதே நாடாவில் அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்துகொண்டன. நேரலையாகப் போனதில் பதிவே இல்லை. வாம்பீராவின் நிகழ்ச்சியில் எஞ்சியிருப்பவை சில துண்டுகள். கூலார்டிக்கும் அதே கதி. வீட்டு வீடியோ ரெக்கார்டர்கள் 1970-களின் பிற்பகுதியில் பரவிய பிறகு வந்தவர்களே ஓரளவு தப்பித்தார்கள். பழைய படம் வேண்டுமென்பவருக்கு ஏக்கமே தேவையில்லை, கடையில் கிடைக்கும். கிடைக்காமல் போனது அந்த ஊரின் இரவு.

## எப்படி முடிந்தது

ஒரே அடியில் முடியவில்லை. 1975 அக்டோபரில் என்.பி.சி. சனிக்கிழமை இரவு 11.30-க்கு ‘சாட்டர்டே நைட் லைவ்’ தொடங்கியதும், அதன் நிலையங்களில் உள்ளூர் நேரம் பின்னுக்குப் போனது. கேபிளும் வீடியோ கேசட்டும் பழைய படத்துக்கு இருந்த அருமையைக் கரைத்தன. 1984-இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் விளம்பர நேரத்துக்கு இருந்த வரம்புகளை நீக்கியது. அதன்பின் அரைமணி நேர விளம்பரங்களே நிகழ்ச்சிகளாக வந்தன. நிலையத்தின் கணக்கு தலைகீழானது: படத்துக்குப் பணம் கொடுத்து, ஆளை நிறுத்தி, விளம்பரம் தேடுவதைவிட நேரத்தையே மொத்தமாக விற்றுவிடலாம். மெத்தை விற்பவரும் சமையல் கருவி விற்பவரும் சவப்பெட்டியின் இடத்துக்கு வந்தார்கள்.

எல்வைரா இந்த மாறுதலின் நடுவில் வந்தவர். கசாண்ட்ரா பீட்டர்சன் 1981-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் கே.எச்.ஜே. நிலையத்தில் உள்ளூர்த் தொகுப்பாளராகவே தொடங்கினார். நிகழ்ச்சி சிண்டிகேஷன் வழியாக நாடெங்கும் போனது. அதனால்தான் இன்று பலருக்கு இந்த வகையிலேயே தெரிந்த ஒரே முகம் அவர். விதிக்கு அவர் விலக்கு.

கிளீவ்லாந்து மட்டும் பிடிவாதமாகத் தொடர்ந்தது. கூலார்டி போனதும் அவர் கூட வேலைசெய்த சக் ஷடோவ்ஸ்கி, பாப் வெல்ஸுடன் சேர்ந்து ‘ஹூலிஹான் அண்ட் பிக் சக்’ ஆனார். 1979 முதல் ‘பிக் சக் அண்ட் லில் ஜான்’. அது 2007 வரை ஓடியது. ஒரே இரவுநேர மரபு நாற்பது ஆண்டுக்கு மேல்.

## இன்று பார்க்க விரும்பினால்

ஸ்வென்கூலியிலிருந்து தொடங்குவது நல்லது. 1970-இல் ஜெர்ரி ஜி. பிஷப் உருவாக்கிய வேடம் அது. ரிச் காஸ் 1979-இல் ‘ஸ்வென்கூலியின் மகன்’ ஆக வந்து, 1990-களில் மகன் பட்டத்தை விட்டு ஸ்வென்கூலியே ஆனார். 2011 முதல் மீ டிவி என்ற சேனல் வழியாக நாடு முழுக்கச் சனிக்கிழமை இரவுகளில் வருகிறார். படத்தைப் பற்றிய தகவல்களை அவர் சொல்லும் பகுதி பாடம் போலத் துல்லியம். ஜோ பாப் பிரிக்ஸ் என்ற இன்னொரு தொகுப்பாளர் 2018 ஜூலையில் ஷடர் (Shudder) என்ற இணைய ஸ்ட்ரீமிங் தளத்தில் ஒரே மூச்சில் பல படங்களை நடத்தியபோது, எல்லாரும் ஒரே நேரத்தில் நுழைய முயன்று தளமே திணறி நின்றது. அந்தப் படங்களைத் தனியாக எப்போது வேண்டுமானாலும் பார்க்க முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன? மற்றவர்களோடு அதே நிமிடத்தில் பார்க்கத்தான் வந்தார்கள்.

சமூக கேபிள் சேனல்களிலும் இணையத்திலும் புதிய தொகுப்பாளர்கள் சிலர் இருக்கிறார்கள். பெரும்பாலும் பதிப்புரிமை காலாவதியான படங்களையே நம்பியிருக்கிறார்கள். ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) அடிக்கடி வருவதற்குக் காரணம், வெளியீட்டின்போது பெயரை மாற்றியதில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டு, படம் பொதுச்சொத்தாகிப் போனது. அதில் டிவி நிருபராக நடித்திருப்பவர் பிட்ஸ்பர்க்கின் சில்லி பில்லியேதான்.

பழைய வீட்டுப் பதிவுகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. படத்தை மட்டும் சுத்தமாக எடுத்து வைத்த கேசட்டுகள் பயன்படாது. விளம்பரம் வரும்போதெல்லாம் பாஸ் பொத்தானை அழுத்திய கைகள் தொகுப்பாளரையும் சேர்த்தே வெட்டிவிட்டன. ரெக்கார்டரை ஓடவிட்டுத் தூங்கிப்போனவர்களின் கேசட்டில்தான் எல்லாம் இருக்கிறது: மெத்தைக்கடை விளம்பரம், நாளைய வானிலை, விழுந்த மீசை, நிலையம் மூடும் முன் வரும் தேசிய கீதம்.